ஜாமீன் பத்திரத்தை எளிய ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

கேள்வி: ஓசூரில் ஒரு சிறு நிதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களிடம் கடன் வாங்குவோருக்காக ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள், ஓட்டுநர்கள், ஆலைத் தொழிலாளர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று பல மொழி பேசுவோர் இருப்பதால் பத்திரம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. நான்கு பக்கங்கள், யாரும் படிப்பதில்லை. அதை எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் சட்டம் படித்தவள் அல்ல. “ஒரு சொல்லை மாற்றினாலும் கோர்ட்டில் நிற்காது” என்கிறார் எங்கள் வக்கீல். நான் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

பதில்: உங்கள் வக்கீல் சொல்வதில் பாதி சரி. அந்த நான்கு பக்கங்களில் நீதிமன்றங்கள் பொருள் வரையறுத்து வைத்திருக்கும் சொற்கள் சில உண்டு. அவற்றைத் தெரியாமல் நீக்கினால் பத்திரத்தின் சட்ட விளைவே மாறிவிடும். ஆனால் அப்படிப்பட்ட சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதியெல்லாம் ஒரு பத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியெடுத்து வந்த வழக்கமே தவிர, சட்டம் கேட்பவை அல்ல. நியூயார்க்கில் சிட்டிபேங்க் 1975-ஆம் ஆண்டிலேயே தன் நுகர்வோர் கடன் பத்திரத்தை எளிய ஆங்கிலத்தில் மாற்றியது. 1978-இல் நியூயார்க் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களும் நுகர்வோர் ஒப்பந்தங்களும் அன்றாடப் பொருள் கொண்ட சொற்களில், தெளிவாகப் பகுத்துத் தலைப்பிட்டு எழுதப்பட வேண்டும் என்றது. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் எளிய, புரியும் மொழியைக் கேட்பதோடு, ஒரு நிபந்தனைக்கு இரு பொருள் கொள்ள முடிந்தால் நுகர்வோருக்குச் சாதகமான பொருளே செல்லும் என்றும் சொல்கிறது. எளிய மொழிப் பத்திரம் நீதிமன்றத்தில் நிற்குமா என்பது அந்த நாடுகளில் என்றோ தீர்ந்துபோன கேள்வி.

சொற்களை மாற்றுவதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டு, யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு கடமைப்படுகிறார், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு அட்டவணையாக எழுதுங்கள். இந்தக் கேள்விகளில் எதற்கும் விடை தராத வரியை “நீக்கலாமா?” என்று குறித்துத் தனியே வையுங்கள். பிறகு அந்த அட்டவணையை மட்டும் வக்கீலிடம் கொடுத்து, சட்ட விளைவு இதுதானா என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். எளிமைப்படுத்திய வாசகத்தை நேராகக் கொண்டுபோய் நீட்டினால், அவர் பழகிய சொல்லைக் காணோம் என்றுதான் திருப்பி அனுப்புவார். விளைவில் இருவரும் முன்பே உடன்பட்டுவிட்டால், பிறகு அதை எந்தச் சொல்லால் சொல்வது என்பது மட்டுமே பேச்சாக இருக்கும்.

அட்டவணை போடும்போது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 126 முதல் 147 வரையிலான பிரிவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பத்திரத்தில் இருப்பவற்றில் ஒரு பகுதி, சட்டம் ஏற்கெனவே சொல்வதைத் திருப்பிச் சொல்வது. இன்னொரு பகுதி, சட்டம் ஜாமீன்தாரருக்குத் தரும் பாதுகாப்பை அவரிடமிருந்து எழுதி வாங்கிக்கொள்வது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் எங்கே மிகுந்த கவனம் தேவை என்பது தெரிந்துவிடும்.

முதல் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு, “ஜாயிண்ட்லி அண்ட் செவரலி” (சேர்ந்தும் தனித்தனியாகவும்) என்ற தொடர். இதை நீக்க வேண்டாம். ஆனால் தனியாகவும் விட வேண்டாம். அதன் பக்கத்திலேயே, அதே பத்தியில், ஒரு கணக்கைக் காட்டுங்கள். ஒருவர் வாங்கிய கடனுக்கு இருவர் ஜாமீன். 1,80,000 ரூபாய் பாக்கி நிற்கும்போது அவர் கட்டுவதை நிறுத்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் அந்த முழுத் தொகையையும் ஒரே ஜாமீன்தாரரிடம் கேட்கலாம். பாதிதான் என் பங்கு என்று அவர் நிறுவனத்திடம் சொல்ல முடியாது. கட்டிய பிறகு, 146-ஆம் பிரிவின்படி மற்ற ஜாமீன்தாரரிடம் 90,000 ரூபாயைக் கேட்கவும், 145-ஆம் பிரிவின்படி கடன் வாங்கியவரிடம் தான் நியாயமாகக் கட்டிய தொகையைக் கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. இந்த நான்கைந்து வாக்கியங்களைப் படிக்கும் ஓட்டுநருக்கு, தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பது விளங்கிவிடும். வக்கீல் கேட்ட சொல்லும் அப்படியே இருக்கும்.

இதே இடத்தில் எளிய ஆங்கிலம் எழுதுவோர் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. பத்திரத்தை நேரடியாக வாசகரிடம் பேசுவதுபோல், நிறுவனத்தை “வீ” என்றும் ஜாமீன்தாரரை “யூ” என்றும் எழுதுவது நல்ல முறை. நானும் அதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் ஆங்கிலத்தில் “யூ” என்பது ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். இருவர் கையெழுத்திடும் பத்திரத்தில் “யூ மஸ்ட் பே” என்று மட்டும் எழுதினால், சேர்ந்து கட்டுவதா, ஆளுக்குப் பாதியா, ஒவ்வொருவரும் முழுவதுமா என்று வாதாட இடம் கிடைத்துவிடும். ஆகவே முதல் பத்தியிலேயே, அந்தச் சொல் கையெழுத்திடும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகவும் எல்லோரையும் சேர்த்தும் குறிக்கும் என்று வரையறுத்துவிடுங்கள்.

எளிமையின் பெயரால் தொலைந்துபோகக் கூடாத இன்னொரு தொடர் “ஆன் டிமாண்ட்”. நிறுவனம் கேட்டவுடன் கட்ட வேண்டும் என்பது அதன் பொருள். “கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன்” என்று எழுதினால் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் வழக்குத் தொடுப்பதற்கான மூன்று ஆண்டுக் காலவரம்பு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பது பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. கேட்டவுடன் கட்டுவதாக எழுதிய ஜாமீனில், நிறுவனம் கேட்டு, ஜாமீன்தாரர் கட்ட மறுக்கும்போதுதான் காலவரம்பு தொடங்குகிறது என்று சிண்டிகேட் வங்கி தொடுத்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. எனவே அந்தத் தொடரை வைத்துக்கொண்டு, எப்படிக் கேட்பீர்கள் (பதிவுத் தபாலா, நேரிலா), கேட்ட பிறகு எத்தனை நாளில் கட்ட வேண்டும் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். இவை பல அச்சிட்ட பத்திரங்களில் இருப்பதே இல்லை. வாசகருக்கு முதலில் தெரிய வேண்டியவையோ இவைதான்.

இரண்டாவது வகைக்கு வருவோம். உங்கள் வேலையின் கனமான பகுதி இது. நிறுவனமும் கடன் வாங்கியவரும் ஜாமீன்தாரரின் சம்மதமில்லாமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், அந்த மாற்றத்துக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளைப் பொறுத்தவரை அவர் பொறுப்பிலிருந்து விடுபடுகிறார் என்கிறது 133-ஆம் பிரிவு. அவர் சம்மதமின்றி நிறுவனம் கடன்காரருடன், அதாவது கடன் வாங்கியவருடன், சமரசம் செய்துகொண்டாலோ, தவணைக்காலம் நீட்டித்துத் தர ஒப்புக்கொண்டாலோ விடுபடுகிறார் என்கிறது 135. கடனுக்கு ஈடாக வைத்த வாகனம் போன்ற பொருளை நிறுவனம் ஜாமீன்தாரரின் சம்மதமின்றி இழந்தாலோ கைவிட்டாலோ, அதன் மதிப்பளவுக்கு அவர் பொறுப்பு குறைகிறது என்கிறது 141. அச்சிட்ட பத்திரங்களில் இந்தப் பாதுகாப்புகள் அனைத்தும், “நாட்வித்ஸ்டாண்டிங்” (எது எப்படியிருந்தாலும்) என்று தொடங்கி அரைப்பக்கம் ஓடும் ஒரே வாக்கியத்தில், பிரிவு எண்களை மட்டும் குறிப்பிட்டு விட்டுக்கொடுக்கப்படுகின்றன. 133, 135, 141 என்ற எண்கள் ஒரு கடைக்காரருக்கு எதையும் சொல்வதில்லை. பத்திரத்திலேயே அவருக்கு மிகப் பெரிய இழப்பு உள்ள இடத்தில்தான் அவருக்கு எதுவும் சொல்லப்படாமல் இருக்கிறது.

இதை எளிமையாக எழுதினால் இப்படி வரும்: “உங்களிடம் கேட்காமலே நாங்கள் கடன்காரருக்குக் கூடுதல் காலம் தரலாம், வட்டியையும் தவணையையும் மாற்றலாம். பொதுவாக, இப்படிச் செய்தால் சட்டம் உங்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும். இந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் அந்தப் பாதுகாப்பை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள்.” இந்த வாசகத்தை மேலதிகாரிகளிடம் காட்டும்போது, “இவ்வளவு வெளிப்படையாக வேண்டாமே, யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்” என்று சொல்ல வாய்ப்பு உண்டு. தயவுசெய்து அந்த இடத்தில் வாசகத்தை மங்கலாக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லவே கூச்சமாக இருந்தால், திருத்த வேண்டியது நிபந்தனையைத்தான்: வட்டி மாறினால் ஜாமீன்தாரருக்கு எழுத்தில் தெரிவிப்போம், அவர் பொறுப்பு இன்ன தொகைக்கு மேல் போகாது என்பது போன்ற வரம்புகளை நிர்வாகம் சேர்க்கலாம். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம் என்று கூறும் 128-ஆம் பிரிவே, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் என்று இடம் விட்டிருக்கிறது. நிறுவனத்துக்கும் இதில் பாதுகாப்பு உண்டு. முக்கியமான ஒரு விஷயத்தைப் பேசாமல் மறைத்துப் பெற்ற ஜாமீன் செல்லாது என்கிறது 143-ஆம் பிரிவு. எல்லாவற்றையும் வாசகர் மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்கிய நிறுவனத்தின்மீது அந்தப் பழியைச் சுமத்துவது கடினம்.

“கண்டினியூயிங் கேரண்டி” என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்ச்சியான பல பரிவர்த்தனைகளுக்கான ஜாமீன் அது; ஓவர்டிராஃப்ட், கேஷ் கிரெடிட் போன்ற, ஒரு வரம்புக்குள் திரும்பத் திரும்ப எடுத்துக் கட்டும் கடன்களுக்கு வங்கிகள் பயன்படுத்துவது. ஒரே தடவை கொடுத்துத் தவணையில் திரும்பப் பெறும் கடன் மட்டும்தான் உங்களுடையது என்றால், அது வங்கிப் படிவத்திலிருந்து தொற்றி வந்ததாக இருக்கலாம். தேவையா என்று வக்கீலிடம் கேளுங்கள். உண்மையிலேயே தேவை என்றால், எதிர்காலக் கடன்களைப் பொறுத்தவரை ஜாமீனை அறிவிப்புக் கொடுத்து ரத்து செய்யலாம் என்ற 130-ஆம் பிரிவின் உரிமையையும் சேர்த்தே எழுதுங்கள்.

மொழியளவில் மீதமிருப்பவை எளிது. “விட்னெஸெத்”, “ஹியரின்ஆஃப்டர்”, “அஃபோர்ஸெய்ட்” போன்ற பழைய சட்ட ஆங்கிலச் சொற்களைத் தயங்காமல் எடுத்துவிடலாம். “ஷல்” என்ற சொல் கடமையா, எதிர்காலமா, வெறும் அறிவிப்பா என்று தெரியாமல் எல்லா இடத்திலும் உட்கார்ந்திருக்கும். கடமை என்றால் “மஸ்ட்” என்றும் உரிமை என்றால் “மே” என்றும் பிரித்து எழுதுங்கள். ஒரே ஆளை ஓர் இடத்தில் “பாரோவர்” என்றும் இன்னோர் இடத்தில் “ஆப்ளிகர்” என்றும் எழுதாதீர்கள். பள்ளியில் ஒரே சொல் திரும்ப வரக்கூடாது என்று கற்றுத்தந்திருப்பார்கள், பத்திரத்தில் அதற்கு நேர்மாறாகத் திரும்ப வந்தே ஆக வேண்டும். கணினி தரும் எளிமை மதிப்பெண்ணை நம்பியிருக்க வேண்டாம். அது வாக்கிய நீளத்தையும் சொல் நீளத்தையும் அளக்குமே தவிர, பொருள் சரியா என்பதை அறியாது.

பழைய பத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் ஒரு பக்க எளிய சுருக்கத்தை ஒட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். நான் அதற்கு எதிரானவன். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்ற கேள்வி எழும். பழையதே செல்லும் என்று எழுதினால், வாசகர் நம்பிப் படித்த பக்கத்துக்கு மதிப்பில்லை என்றாகிவிடும். கையெழுத்திடும் பத்திரமே எளிமையாக இருக்க வேண்டும்.

வரைவு முடிந்ததும் அலுவலகத்துக்கு வெளியே உள்ள சிலரிடம் படிக்கக் கொடுங்கள். “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். “கடன் வாங்கியவர் நான்கு மாதம் கட்டவில்லை, நிறுவனம் அவர்மேல் வழக்குப் போடாமல் நேரே உங்களிடம் வரலாமா?” என்று கேளுங்கள். வரலாம் என்பதே சரியான விடை. கடன்காரரிடம் முயன்று தீர்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1968-இலேயே பேங்க் ஆஃப் பீஹார் வழக்கில் சொல்லிவிட்டது. படித்தவர்களில் ஒருவர் “முதலில் அவரிடம்தானே போக வேண்டும்?” என்றாலும், அந்தப் பத்தியை மீண்டும் எழுதுங்கள்.

எளிய ஆங்கிலத்தோடு உங்கள் வேலை முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரிசர்வ் வங்கியின் நியாயமான நடைமுறை விதிகள், நிதி நிறுவனங்கள் கடன்தாரருக்கு அனுப்பும் தகவல்கள் வட்டார மொழியிலோ அவருக்குப் புரியும் மொழியிலோ இருக்க வேண்டும் என்கின்றன. 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன்களுக்கும் சிறு தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் முக்கியத் தகவல் அறிக்கையை (வட்டி, கட்டணங்கள் போன்றவற்றைச் சுருக்கமாகக் காட்டும் தாளை) கடன்தாரருக்குப் புரியும் மொழியில் கொடுத்து, விளக்கி, ஒப்புதலும் பெற வேண்டும். இவை கடன்தாரரை முன்வைத்து எழுதப்பட்டவை. ஜாமீன்தாரருக்கும் அதே மரியாதையைத் தருவது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஆங்கிலம் தெளிவாகிவிட்டால் தமிழ், தெலுங்கு, கன்னட மொழிபெயர்ப்புகள் பிழையின்றி வரும். அவற்றை வக்கீல் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடன் பிரிவு ஊழியர் அந்தந்த நேரத்தில் வாய்க்கு வந்தபடி விளக்குவதை அனுமதிக்க வேண்டாம். எந்த மொழியில் படித்துக் காட்டப்பட்டது, படித்துக் காட்டியவர் யார் என்பது அவரது கையெழுத்துடன் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

புதிய பத்திரத்தைப் புதிய கடன்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே ஜாமீன் போட்டவர்களை அழைத்துப் புதியதில் கையெழுத்து வாங்கினால், 62-ஆம் பிரிவின்படி பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் புதியது வந்துவிட்டது என்ற வாதத்துக்கு வழி பிறக்கும். அவர்களுக்கு, நிபந்தனை எதையும் மாற்றவில்லை என்று முதல் வரியிலேயே சொல்லி, அவர்களுடைய பொறுப்பையும் உரிமைகளையும் அவரவர் மொழியில் விளக்கும் ஒரு கடிதம் அனுப்பினால் போதும். அந்தக் கடிதத்தையும் வக்கீல் ஒருமுறை பார்த்துவிடட்டும்.