வலிக்காத இடம்தான் ஆழமான புண்

கேள்வி: என் மாமியாருக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. ஆறு நாளுக்கு முன்பு வடை சுடும்போது எண்ணெய்ச் சட்டி சரிந்து வலது கையில் ஊற்றிவிட்டது. உடனே தோசை மாவும் பற்பசையும் பூசினோம். விரல்களில் கொப்புளம், எரிச்சல் இருக்கிறது. மணிக்கட்டுக்கு மேல் வெள்ளையாக இருக்கிற இடத்தில் வலியே இல்லை என்கிறார், பாத்திரம்கூடத் துலக்குகிறார். அடுத்த மாதம் அழகர்கோவிலில் என் மகனுக்கு முடியிறக்கிக் காதுகுத்து. அதற்குள் தழும்பு மறைய நல்ல களிம்பு சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: களிம்பை விடுங்கள். வெள்ளையாக இருக்கிற இடத்தில் வலியே இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் அதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டீர்கள்.

வலி தெரிய வேண்டுமானால் நரம்பு உயிரோடு இருக்க வேண்டும். நம் தோலின் மேல் அடுக்கு பல இடங்களில் காகிதக் கனம்தான். அதில் ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு அடியில் இருக்கும் உள்தோலில்தான் ரத்தக்குழாய், நரம்பு நுனி, வியர்வைச் சுரப்பி, முடியின் வேர் எல்லாம். அதற்கும் கீழே கொழுப்பு. மேல் அடுக்கு மட்டும் சுட்டால் சிவந்து எரியும், கொப்புளம் வராது, ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். இது முதல் டிகிரி. உள்தோலின் மேல்பாகம் வரை சுட்டால் நீர் கோத்துக் கொப்புளம் வரும், தொட்டாலே உயிர் போகும். அத்தையின் விரல்களில் இருப்பது இந்த இரண்டாம் டிகிரி. முடிவேரிலும் சுரப்பியிலும் மிஞ்சிய செல்களிலிருந்து புதுத்தோல் முளைப்பதால், கிருமி சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும்.

இன்னும் ஆழமாக இறங்கினால் வலி குறையத் தொடங்கும். உள்தோல் முழுக்க வெந்துவிட்டால் அது மூன்றாம் டிகிரி: வெள்ளையாகவோ பழுப்பாகவோ கருகியோ, பதனிட்ட தோல்போல விறைத்து இருக்கும், வலி இருக்காது. முளைக்க வேரும் மிஞ்சாது. ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்துதான் மூட வேண்டும். அதுவும் சுருங்கிக்கொண்டே மூடும். மணிக்கட்டில் அப்படிச் சுருங்கினால் கை மடங்கி நின்றுவிடும், சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடியாது. தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டுவது இதைத் தடுக்கத்தான். அத்தைக்கு இருப்பது எந்த ஆழம் என்று நேரில் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வடைச் சட்டி எண்ணெய் 170, 180 டிகிரி சூட்டில் இருக்கும், தண்ணீரைப்போல வழிந்து ஓடாமல் ஒட்டிக்கொண்டு சுடும். அந்த வயதில் தோலும் மெலிந்திருக்கும். அதனால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

சர்க்கரை வேறு. புண் ஆறுவதைத் தாமதமாக்கும், கிருமிக்கு வழிவிடும். புளித்த மாவைப் பச்சைப் புண்ணில் அப்பியிருக்கிறீர்கள். பற்பசை புண்ணின் நிறத்தையே மறைத்துவிடும், சுரண்டி எடுத்தால்தான் ஆழம் தெரியும். சுட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது. மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் கூடாது. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடிவிட்டுக் கிளம்ப வேண்டும். அளவு சிறியதென்றாலும் கை, முகம், மூட்டு என்றால் வீட்டு வைத்தியம் கிடையாது.

இனி பாத்திரத்துக்கு வருகிறேன். வெந்த கையைச் சோப்புத் தண்ணீரில் விட்டு ஒரு 62 வயது மனுஷி துலக்குகிறார், நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்! உங்கள் கணவர் எங்கே? கடிதத்தில் அவர் பேச்சே இல்லை. பெற்றவள் கைக்கு ஒரு நாள் லீவு போடாதவர் மகன் காதுகுத்துக்கு எத்தனை நாள் போடுவார்? நம் வீடுகளில் வயதானவர்கள் வலித்தாலும் வலிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள், செலவுக்குப் பயந்து. அவர்களைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

மேலூரிலிருந்து மதுரை சுமார் 30 கிலோமீட்டர். அரசு இராசாசி மருத்துவமனையில் தீக்காயத்துக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் பிரிவு உண்டு, காசு கேட்கமாட்டார்கள். உங்கள் கணவரே அழைத்துப் போகட்டும். சர்க்கரை மாத்திரைச் சீட்டும் கடைசி ரத்தப் பரிசோதனையும் கையில் இருக்கட்டும். டிடி ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள். கொப்புளத்தை நீங்கள் உடைக்காதீர்கள். காய்ச்சல், நாற்றம், பச்சை நிறச் சீழ், புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுவது, இதில் எது இருந்தாலும் காலை வரை காத்திருக்காமல் இரவிலேயே கிளம்புங்கள்.

தோல் ஒட்ட வேண்டும் என்று சொன்னால் காதுகுத்தைத் தள்ளிப் போடுங்கள். பத்திரிகை அடித்தாயிற்று, தாய்மாமன் சீர் பேசியாயிற்று என்பீர்கள். தாய்மாமனுக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள், அத்தை வாயால் சொல்ல விடாதீர்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது இரண்டு வாரம் தாண்டியிருக்கும். அதனால் இதைத் தபாலிலும் தனியாக அனுப்பியிருக்கிறேன். கிடைத்த அன்றே பஸ் ஏறுங்கள்.