எல்லார் முன்னாலும் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்பு என் பொறுப்பு. பிள்ளைகளிடம் பிரியமாக இருக்கவேண்டும் என்றுதான் வந்தேன். சிரித்துப் பேசினால் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுகிறது. சத்தம் போட்டால் அன்றைக்கு அடங்குகிறார்கள், மறுநாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு பையன் தை பிறந்ததிலிருந்து முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுகிறான். எழுப்பி நிற்கவைத்தால் முறைக்கிறான். அவன் அப்பாவை வரச்சொன்னேன். வகுப்பு வாசலில் நின்று, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பயம் இருந்தால்தான் மரியாதை வரும் என்கிறார்கள் மூத்தவர்கள். பிரியமும் மரியாதையும் ஒரே வகுப்பில் நடக்கிற காரியமா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

நடக்கிற காரியம்தான். அந்தப் பையனிடமிருந்தே தொடங்குகிறேன். உங்களிடம் ஒருமுறை, அப்பாவிடம் ஒருமுறை என்று வகுப்பே பார்க்க அவன் குறுகி நின்றிருக்கிறான். பதின்மூன்று வயதுப் பிள்ளை அடியைக்கூட மறந்துவிடும், கூடப் படிக்கிறவர்கள் சிரித்ததை மறக்காது. அவன் முறைப்பு உங்களை எதிர்ப்பதற்கு என்று நினைக்காதீர்கள். மிச்சமிருக்கும் மானத்தைக் காப்பாற்ற அவனுக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

தை, மாசி நமக்குச் சம்பா அறுவடைக் காலம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்குக் காத்திருக்கும் வீட்டில் யாராவது ராத்திரி காவலுக்குப் படுத்தாகவேண்டும். தூறல் விழுந்தால் எழுந்து படுதாவை இழுத்து மூடவேண்டும். அந்தப் பையனும் அங்கே படுக்கிறானோ, இல்லை வீட்டில் வேறு சங்கடமோ, கேட்டால்தான் தெரியும். இடைவேளையில் தண்ணீர்க் குழாய் பக்கம் தனியாக நிற்கும்போது, "ராத்திரி எங்கப்பா படுத்தே?" என்று கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் துருவ வேண்டாம். தலை சாய்ந்தால் முகம் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். ஆனால் விட்ட பாடத்தை மதியம் கட்டாயம் கேளுங்கள். பாவம் பார்த்துப் பாடத்தை விட்டுவிடுவது அவனைக் கைவிடுவதுதான்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளையை அடிக்கக்கூடாது என்கிறது. இது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். அதே வரியில் மன உளைச்சல் தருவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான் பலருக்கு மறந்துபோகிறது. பிரம்பைக் கீழே போட்டுவிட்டு நாக்கைத் தூக்கிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. உதவித்தொகைப் படிவம் வரும். "எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எழுந்திரிங்க" என்று வகுப்பில் ஒரு குரல் கேட்கும். கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான். ஆனால் எழுந்து நிற்கிற பிள்ளைக்கும் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் ஊரும் தெருவும் வகுப்புக்குள் வந்துவிடுகிறது. நாங்குநேரியில் சாதிப் பகையால் ஒரு மாணவனைக் கூடப் படித்தவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக்கூடாது, பிள்ளைகளை அகர வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. படிவத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கொடுத்தால் அரைமணி நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். இடம் மாற்றி உட்காரவைப்பதை நாளைக்கே செய்யலாம்.

சரி, சந்தைக்கடைக்கு வருவோம். சிரித்துப் பேசுவதால் வகுப்பு கலையாது. இன்றைக்குச் சிரிப்பு, நாளைக்குச் சீற்றம் என்று டீச்சர் எந்த முகத்தோடு வருவார் என்று தெரியாதபோதுதான் பிள்ளைகள் ஆழம் பார்ப்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது, ஒருவரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடாதது. இந்த இரண்டையும் அவர்களோடு பேசி முடிவு செய்து, நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் கடைசி பெஞ்சுக்கும் ஒரே மாதிரி பிடியுங்கள். நீங்களும் அதற்குள் அடக்கம். நாளைக்கு நோட்டுத் திருத்தித் தருகிறேன் என்றால் நாளைக்கே தந்துவிட வேண்டும். இதைப் பிள்ளைகள் கவனிப்பது போல நாம் எதையும் கவனிப்பதில்லை.

அந்த அப்பாவிடம் கோபப்படாதீர்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டாலே புகார்தான் என்று பழகிப்போன மனிதர், வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் பேசிய பேச்சு அது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவரை வரச்சொல்லுங்கள். அதற்குள் அந்தப் பையனிடம் மெய்யாகவே நல்லதாக ஒன்றைக் கண்டுபிடித்து வையுங்கள், கணக்கோ, கபடியோ, சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்துச் சாலை கடத்திவிடுவதோ. அதை மட்டும் அப்பாவிடம் சொல்லுங்கள், பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தூக்கத்தைப் பற்றிப் பேசவேண்டியிருந்தால் அவரிடம் அப்புறம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.