சோழவரம் ரேஸும் கோவை 'கரி'யும்

கேள்வி: சோழவரத்தில் ஒரு காலத்தில் கார் ரேஸ் நடந்ததாகத் தாத்தா சொல்கிறார். ஏரிக்குப் பேர்போன ஊரில் ரேஸ் ட்ராக் எப்படி வந்தது? இப்போது ஏன் இல்லை?
- வாசகர், பொன்னேரி

பதில்: தாத்தா சொல்வது நிஜம்தான். ஆனால் அது ரேஸுக்கென்று போட்ட ட்ராக் இல்லை, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பல வருடங்கள் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. விமானத்துக்காகப் போட்ட தளம், அதனால் நல்ல அகலம், நெடுக நேர்ப்பாதை. ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே போய்க் கோடியில் சட்டென்று பிரேக் பிடித்துத் திருப்ப வேண்டும், அந்த இடத்தில் ஒரு நொடி தாமதித்தாலும் வளைவைத் தாண்டிப் போய்விடும் வண்டி. இந்து சந்தோக், அவர் மகன் விக்கி சந்தோக் எல்லாம் சோழவரம் காலத்து ரேஸ் ஆட்கள். விக்கியின் மகன் கருண் 2010-ல், உலகக் கார் பந்தயங்களின் உச்சமான ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். தாத்தா காலத்து ஓடுதளத்தில் ஆரம்பித்த பயணம் அது என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனசு நிறைகிறது.

அப்புறம் கிளப்பே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ட்ராக் போட்டது. 1990-ல் அது வந்ததும் ரேஸ் அங்கே போய்விட்டது. 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். இன்றும் தேசியப் பந்தயங்கள் அங்கே நடக்கின்றன, ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.

கேள்வி: கோவை 'கரி மோட்டார் ஸ்பீட்வே'யில் வரும் 'கரி' என்றால் என்ன?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: அது ஒரு மனிதரின் பெயர். எஸ். கரிவர்தன், கோவைக்காரர், ரேஸ் ஓட்டியவர், அதைவிட முக்கியமாக ரேஸ் கார் கட்டியவர். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத பையன்களும் ஓட்டட்டும் என்று, நம் தெருவில் ஓடும் மாருதி 800-ன் அதே மூன்று சிலிண்டர் 796 சிசி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைக் கார் செய்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. நரேன் கார்த்திகேயன் தன் முதல் ரேஸை ஓட்டியது அந்த வகைக் காரில்தான், அதுவும் ஸ்ரீபெரும்புதூரில். அன்றைக்கே பரிசு மேடை ஏறிவிட்டார். 2005-ல் ஜோர்டான் என்ற ரேஸ் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டி, அதில் கால் வைத்த முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை, 1995-லேயே விமான விபத்தில் போய்விட்டார். செட்டிப்பாளையத்தில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது அந்த ட்ராக்.