வானத்துக் கல்லா, ஆலைக் கல்லா? சுங்கை சிப்புட் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

விண்கல் லட்சக்கணக்கான வெள்ளிக்கு விலை போகிறது என்று யாரோ ஒரு வீடியோவை அனுப்பப்போய், நம் ஊரில் கல் பொறுக்கும் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. ஈப்போவில் கல்லும் தாதுவும் பரிசோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் எல்லாக் கேள்விகளும் என் தலையில் வந்து விழுந்தன. ஒன்று போலவே இருந்தவற்றைச் சேர்த்து, மீதிக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

செம்பனை ஆலையில் வேலை செய்யும் ஒரு தம்பி: அண்ணே, தோட்டத்துச் சாலை ஓரத்தில் கறுப்பா, ஓட்டை ஓட்டையா ஒரு கல் கிடைச்சது. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்குது. காந்தமும் லேசா ஒட்டுது. விண்கல்தானே?

இல்லை தம்பி. அது உங்கள் ஆலையின் பாய்லரில் இருந்து வந்தது. செம்பனை நாரும் கொட்டை ஓடும் போட்டு எரிக்கும்போது சாம்பல் உருகி இறுகிக் கட்டியாகிறது. அந்தக் கிளிங்கரை லோரியில் ஏற்றித் தோட்டத்துச் சாலைப் பள்ளங்களில் கொட்டுவது உங்களுக்கே தெரியும். எனக்கு வந்த படங்களில் பாதிக்கு மேல் இதுதான்.

ஓட்டை இருந்தாலே சந்தேகப்படுங்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது விண்கல்லில் காற்றுக் குமிழி ஓட்டை இருக்காது. இருப்பது பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தியது போன்ற ஆழமில்லாத குழிகள். அதுவும் எல்லாக் கல்லிலும் இருக்காது. புதிதாக விழுந்த கல்லின் மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும், பெரும்பாலும் பளபளப்பு இல்லாமல் மங்கலாக. உடைந்த இடத்தில் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம், அதில் ஊசிமுனை அளவுக்கு மின்னும் உலோகப் புள்ளிகள். பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். அழகான கல் வேண்டுமென்றால் நகைக்கடைக்குப் போகலாம்.

அதே தம்பியும் இன்னும் பலரும்: சரி, வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. மூன்று சோதனை சொல்கிறேன், மூன்றையும் செய்யுங்கள்.

முதலில் காந்தம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சாதாரணக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கல்லை மெதுவாகப் பக்கத்தில் கொண்டு போங்கள். உள்ளே இரும்பு இருந்தால் காந்தம் கல்லை நோக்கி நகரும். இணையத்தில் வாங்கும் பலமான நியோடிமியம் காந்தம் வேண்டாம். கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பதிந்திருக்கும் பழைய காந்தத் தடத்தை அது அழித்துவிடும். ஆய்வாளர்கள் தேடுவதில் அதுவும் ஒன்று.

இரண்டாவது உரசல். கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத ஒரு வட்டம் சொரசொரப்பாக இருக்கும். அதில் கல்லை இழுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் ஹெமடைட், கறுப்புக் கோடு விழுந்தால் பெரும்பாலும் மேக்னடைட். இரண்டும் நம் மண்ணில் கிடைக்கும் இரும்புத் தாதுதான். துருப்பிடிக்காத விண்கல் கோடு போடாது, போட்டாலும் கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, அடர்த்தி. சமையல் தராசில் கல்லை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியைத் தொடாமல் பிடியுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன சென்டிமீட்டர் அளவு. எடையை அதனால் வகுத்தால் முடிந்தது. நம் சுண்ணாம்பு மலைக் கல் 2.7 வரும். சாதாரண விண்கல் 3.3 முதல் 3.7 வரை வரும். இரும்பு விண்கல் 8 பக்கம். ஓட்டை நிறைந்த கிளிங்கர் பெரும்பாலும் 2 பக்கம்தான் நிற்கும். 7 வந்து, காந்தம் ஒட்டவே இல்லை என்றால் அது வெள்ளீயத் தாது. கிந்தா பள்ளத்தாக்கில் உங்கள் பாட்டன் காலத்தில் அதைத்தான் தோண்டினார்கள்.

ஒரு பெரியம்மா: வானத்திலிருந்து வந்த கல் கிடைத்தால் சாமி அறையில் வைக்கலாமா ஐயா? பால் ஊற்றி அபிஷேகம் செய்யலாமா?

வைக்கலாம்மா, முன்னுதாரணம் நிறைய உண்டு. ஜப்பானில் நோகாட்டா என்ற ஊரில் 861ஆம் ஆண்டு ஒரு கல் விழுந்தது. அங்குள்ள கோயிலில் அதைப் பெட்டியில் வைத்து இன்றுவரை காப்பாற்றுகிறார்கள். எடை அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. விழுவதைக் கண்டு, எடுத்து, இன்னமும் கையில் இருக்கும் கற்களில் அதுவே மூத்தது. 1492இல் பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் என்சிசைம் ஊரில் விழுந்த பெரிய கல்லை அங்கே தேவாலயத்தில் வைத்தார்கள்.

ஆனால் அபிஷேகம் மட்டும் வேண்டாம். உள்ளே இருப்பது இரும்பு. நம் ஊர் ஈரக் காற்றே அதற்கு எதிரி, பாலும் தண்ணீரும் பட்டால் சில மாதத்தில் துரு ஏறி உதிர ஆரம்பிக்கும். தூரத்தில் இருந்து ஒரு கற்பூரம் காட்டுங்கள், போதும்.

இரண்டாம் படிவ மாணவி: விழும்போது நெருப்பாகக் கொதிக்குமா சார்? தொட்டால் சுடுமா?

நல்ல கேள்வி. வளிமண்டலத்துக்குள் நுழையும்போது வினாடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத வேகம். அப்போது மேல்தோல் உருகி வழிந்து பறந்துவிடும், அந்த வெளிச்சத்தைத்தான் நாம் பார்க்கிறோம். ஆனால் அது சில வினாடிதான். பிறகு காற்று தடுத்து, வேகம் முழுவதும் அடங்கி, கடைசிப் பல கிலோமீட்டரை இருட்டாக, சாதாரணக் கல் விழுவது போலத்தான் அது கடக்கிறது. உள்ளே விண்வெளிக் குளிர் அப்படியே இருக்கும். அதனால் தரைக்கு வரும் சின்னக் கற்கள் பெரும்பாலும் சுடுவதில்லை. "விழுந்த இடத்தில் காடு தீப்பிடித்தது" என்று யாராவது சொன்னால் வேறு காரணம் தேடுங்கள்.

பசார் மாலாமில் கடை போடும் ஒருவர்: இந்தோனேசியாக்காரர் ஒருவர் கூரையில் விழுந்த கல்லால் கோடீஸ்வரர் ஆனாராமே?

வீடியோவில் வந்த கதை அதுதான். கடலுக்கு அந்தப் பக்கம், வடக்கு சுமத்ராவில் கோலாங் என்ற இடத்தில் 2020 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடந்தது. சவப்பெட்டி செய்யும் ஒருவரின் வீட்டுத் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு 2 கிலோவுக்குச் சற்று மேலான கல் மண்ணில் புதைந்தது. அரிய கரி வகைக் கல். அதற்கு 18 லட்சம் அமெரிக்க டாலர் கிடைத்தது என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. அவர் சொன்ன கணக்கு 20 கோடி ருபியா, அதாவது ஏறக்குறைய 14,000 டாலர். நல்ல காசுதான், ஆனால் கோடீஸ்வரர் இல்லை.

விலை பேசி இழுத்தடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா கதை. 1954 நவம்பர் 30ஆம் தேதி சிலகாகா என்ற ஊரில் ஒரு பெண் சோபாவில் படுத்திருந்தார். 3.8 கிலோ கல் கூரையைத் துளைத்து, வானொலிப் பெட்டியில் பட்டுத் தெறித்து, அவர் இடுப்பில் விழுந்தது. பெரிய கன்றிப்போன காயம், உயிருக்கு ஆபத்தில்லை. வாடகை வீடு. "என் வீட்டில் விழுந்தது, என் கல்" என்று வீட்டுக்காரி வழக்குக்குப் போனார். சமரசம் ஆவதற்குள் ஆசையாகக் கேட்டவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். கல் கடைசியில் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதே கல்லின் இன்னொரு துண்டு பக்கத்தில் ஒரு விவசாயிக்குச் சாலையில் கிடைத்தது. அவர் சத்தம் போடாமல் விற்று, வீடும் காரும் வாங்கினார்!

ஒரு வாசகர்: தமிழ்நாட்டில் ஒரு பஸ் ஓட்டுநர் விண்கல் பட்டு இறந்தார் என்று படித்தேனே?

2016 பிப்ரவரி 6ஆம் தேதி, அன்றைய வேலூர் மாவட்டத்தில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து அவர் இறந்தது உண்மை. மாநில அரசே விண்கல் என்று அறிவித்தது. ஆனால் படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் தெரிகிறது என்றார்கள். பாவம் அந்தக் குடும்பம். விண்கல் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

மனிதர்களைப் பெரிய அளவில் காயப்படுத்தியது கல் இல்லை, கண்ணாடி. 2013 பிப்ரவரி 15ஆம் தேதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானத்தில் ஏறக்குறைய 20 மீட்டர் அகலப் பாறை வெடித்தது. வெளிச்சத்தைப் பார்த்த மக்கள் சன்னலுக்கு ஓடி வந்து நின்றார்கள். அதிர்வலை இரண்டு நிமிடம் கழித்துத்தான் வந்தது, கண்ணாடி முகத்தில் சிதறியது. காயமடைந்தவர் ஏறக்குறைய 1,500 பேர். ஓர் ஆசிரியை மட்டும் பிள்ளைகளை மேசைக்கு அடியில் போகச் சொன்னார், அவர்களுக்குக் கீறல்கூட இல்லை. பகல் போல வெளிச்சம் அடித்தால் சன்னலை விட்டு விலகுங்கள். அந்தக் குளிர்காலத்தில் செபார்குல் ஏரியில் விழுந்த அரை டன்னுக்கு மேலான துண்டை அக்டோபரில்தான் வெளியே எடுத்தார்கள்.

லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர்: உலகத்திலேயே பெரிசு எது?

நமீபியாவில் ஹோபா. 60 டன். 1920இல் உழும்போது ஏரில் தட்டியது. விழுந்த இடத்தை விட்டு யாரும் நகர்த்தவில்லை. உங்கள் லோரியும் பத்தாது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: நம் பேராக்கில் ஏதாவது விழுந்திருக்கிறதா ஐயா? பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

இதற்காகத்தான் காத்திருந்தேன், டீச்சர். கோலகங்சார் தாண்டி கிரிக் சாலையில் போனால் லெங்கோங். அங்கே புக்கிட் புனோ என்ற இடத்தில், வானத்துப் பாறை மோதி உருகிய கல்லை மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். மோதியது 18.3 லட்சம் ஆண்டுக்கு முன் என்பது அவர்கள் கணிப்பு. உருகி இறுகிய அந்தக் கல்லுக்குள்ளே ஆதி மனிதன் செய்த கல் கைக்கோடாரி ஒன்று சிக்கியிருந்தது என்பதுதான் ஆச்சரியம், அந்த வயதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு என்றாலும். லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சிங்கப்பூருக்குச் சுற்றுலா போகும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

கறுப்புக் கண்ணாடிக் கூழாங்கல் அனுப்பிய இருவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது டெக்டைட்டாக இருக்கலாம். ஏறக்குறைய 7,90,000 ஆண்டுக்கு முன் தென்கிழக்கு ஆசியாவில் பெரிய மோதல் ஒன்று நடந்தது. உருகிய நம் பூமி மண்ணே வானில் எழும்பி, கண்ணாடியாகி, ஆஸ்திரேலியா வரை சிதறியது. விழுந்த குழி எது என்பதில் இன்னும் வாக்குவாதம். இந்தோனேசியாவின் பிலிதோங் தீவில் வெள்ளீயச் சுரங்கங்களில் கிடைக்கும் அந்தக் கல்லை மோதிரத்தில் பதிக்கிறார்கள். தேய்த்து மழுக்கிய புட்டிக் கண்ணாடித் துண்டும் பார்க்க அப்படியே இருக்கும், ஏமாறாதீர்கள்.

ஒரு தாத்தா: எங்கள் அப்பா வைத்திருந்த இடிக்கல், வழவழப்பா, ஒரு பக்கம் கூர்மையா இருக்கு. இடியோடு விழுந்ததாம்.

படத்தைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன் ஐயா. மலாய்க்காரர்கள் பத்து லிந்தார் என்று சொல்வது இதைத்தான். புதிய கற்கால மனிதன் தேய்த்துச் செய்த கோடாரி அது. விண்கல்லைவிட எனக்கு அதுதான் பெரிது. தைப்பிங்கில் உள்ள பேராக் அருங்காட்சியகத்தில் ஒருமுறை காட்டுங்கள்.

இன்னொரு மாணவர்: வேறு நாட்டில் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறதே, நமக்கு ஏன் இல்லை?

நமக்கும் விழத்தான் செய்கிறது. மழை, காடு, சேறு. விழுந்தது துருவாகிச் செம்மண்ணோடு செம்மண்ணாகப் போய்விடும். உலகில் இதுவரை பதிவான 70,000க்கு மேற்பட்ட கற்களில் பாதிக்கு மேல் அண்டார்டிகாவில் கிடைத்தவை. வெள்ளைப் பனியில் கறுப்புக் கல் பளிச்சென்று தெரியும். அதோடு பனி நகர்ந்து மலையடிவாரத்தில் முட்டும்போது, காற்று மேல்பனியை அரிக்க அரிக்க, பல ஆயிரம் ஆண்டாக விழுந்த கற்கள் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். சஹாராவில் வறட்சி அந்த வேலையைச் செய்கிறது.

கடைசியாக, தோட்டத்து மண்டோர் ஒருவர்: நிஜமாவே ஒன்று கிடைத்தால் என்ன செய்வது?

எடுப்பதற்கு முன் கிடந்த இடத்தோடு படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து. கைப்பேசியில் இடத்தைக் குறியுங்கள். வெறுங்கையால் தொடாமல் அலுமினியத் தாளில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடுங்கள். கழுவாதீர்கள், சுத்தியலால் உடைக்காதீர்கள். நிலம் தோட்டத்துடையது என்றால் நிர்வாகத்திடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் ஓரிகனில் 1902இல் ஒருவர் பக்கத்து நிலத்தில் கிடந்த 15 டன் கல்லை மாதக்கணக்கில் ரகசியமாகத் தன் நிலத்துக்கு இழுத்து வந்தார். பிறகு நிலத்துக்காரர்கள் வழக்குப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். நிர்வாகத்திடம் சொன்ன பிறகு, கல்லை ஈப்போவில் கனிம, புவி அறிவியல் துறைக்கு எடுத்துப் போங்கள். அதற்கு முன் கோப்பை அடியில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிடுங்கள், பெட்ரோல் மிச்சம்.