கார்டு கவுண்டிங் டீமில் சேரலாமா என்று கேட்ட தம்பிக்கு

எம்எஸ் படிக்க பாஸ்டன் வந்து மூன்று வாரம்; அறைத்தோழர்கள் நாலு பேர் பக்கத்து எவரெட் ஊர் என்கோர் கேசினோவில் பிளாக்ஜாக் (21-ஐத் தாண்டாமல் கேசினோவை முந்தும் சீட்டாட்டம்) ஆட, விழுந்த சீட்டை எண்ணி ஜெயிக்கும் டீம் போடுகிறார்கள், ஆளுக்கு 3,000 டாலர், சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே குளிர் ஜாக்கெட், பாங்க் கணக்கு பற்றியும். ஜாக்கெட்டை நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம். பாங்க் எதுவானாலும் ஒன்றுதான்.

மனசுக்குள் சீட்டை எண்ணுவது எந்தச் சட்டப்படியும் குற்றமில்லை. எம்ஐடி மாணவர்கள் டீம் போட்டுச் சீட்டெண்ணி ஜெயித்தார்கள் என்று இந்த ஊரில் எல்லாரும் சொல்லும் கதையும் நிஜம்தான். ஆனால் அவர்கள் 1992-ல் முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி, கூட்டு நிறுவனமாகவே நடத்தினார்கள். நம்ம பசங்க திரட்டுவது செமஸ்டர் ஃபீஸை. ஊரில் வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கல்விக்கடன் அது.

கணக்கு சின்னப் பிள்ளைக் கணக்குதான். 2 முதல் 6 வரை வந்தால் கூட்டல் ஒன்று. 7, 8, 9 பூஜ்யம். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் வந்தால் கழித்தல் ஒன்று. மேசையில் 5, ராஜா, 2, 9, 6, ஏஸ், 4, 3 விழுந்தால் கணக்கு +3. கூட்டல் ஏற ஏற, மிச்சத்தில் பெரிய சீட்டு அதிகம்; அது உங்களுக்குச் சாதகம். இத்தோடு விட்டுவிடுவதால்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். இதை மிச்சமுள்ள கட்டுகளால் வகுக்க வேண்டும். ஆறு கட்டு ஷூ (சீட்டுகளை அடுக்கி ஒவ்வொன்றாக எடுக்கும் பெட்டி) என்று வையுங்கள். ஆடி முடித்த சீட்டு அடுக்கும் தட்டில் இரண்டு கட்டு உயரம் தெரிகிறது என்றால் மிச்சம் நாலு. கணக்கு +8 என்றால் உண்மைக் கணக்கு +2 மட்டுமே. அந்த உயரத்தை அரைக்கட்டுத் துல்லியத்தில் கண்ணாலேயே அளக்கத் தெரியணும். 52 சீட்டையும் 30 வினாடிக்குள் தப்பில்லாமல் எண்ணி முடிக்க வராதவர் மேசைப் பக்கமே போகக்கூடாது.

சரியாக ஆடினாலும் என்ன கிடைக்கும்? நல்ல விதிகள் உள்ள மேசையில் எண்ணாமல், எந்தக் கைக்கு என்ன செய்வது என்ற புத்தக முறைப்படி ஆடினால் கேசினோவுக்குச் சாதகம் அரை சதவீதம். உண்மைக் கணக்கு ஒன்று ஏறினால் ஏறத்தாழ அரை சதவீதம் உங்கள் பக்கம் திரும்பும். ஆக, +2-ல் 100 டாலர் வைத்தால் சராசரி லாபம் ஐம்பது காசு. குறைந்தபட்சப் பந்தயம் 25 டாலர் உள்ள மேசையில் மணிக்கு எதிர்பார்க்கக்கூடியது இருபத்தைந்து, முப்பது டாலர். ஒரே மணி நேரத்தில் எழுநூறு டாலர் போவதும் சாதாரணம். அதைத் தாங்கக் குறைந்தபட்சப் பந்தயத்தைப் போல் ஆயிரம் மடங்கு, அதாவது 25,000 டாலர் கையில் வேண்டும். உங்கள் ஐந்து பேர் பணம் 15,000. கணக்குச் சரியாக இருக்கும்போதே ஓட்டாண்டி ஆவது இப்படித்தான்.

மேசையில் அச்சடித்திருப்பதையும் படியுங்கள். பிளாக்ஜாக்குக்கு, அதாவது முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்து மதிப்புச் சீட்டுமாக வந்தால், 3-க்கு 2 என்றால் 100 டாலருக்கு 150. 6-க்கு 5 என்றால் 120. இந்த ஒன்றே கேசினோ சாதகத்தை ஏறத்தாழ 1.4 சதவீதம் கூட்டிவிடும். அங்கே எண்ணுவது வீண். சீட்டைத் தொடர்ந்து கலைக்கும் மெஷின் உள்ள மேசையும் அப்படியே. ஒருவர் எண்ணி ஜாடை காட்ட, இன்னொருவர் வந்து பெரிய தொகை வைக்கும் பழைய தந்திரத்துக்கு, ஷூ நடுவில் புது ஆள் சேரக்கூடாது என்ற ஒரு பலகையே பல இடங்களில் போதும்.

எச்சரிக்கை விசாவுக்குத்தான். டீம் மணிக்கூலி தருகிறது என்றால், எஃப்-1 மாணவர் விசாவில் அது அனுமதியில்லாத வேலை ஆகிவிடலாம். போன் ஆப்பில் எண்ணலாம் என்று ஒருவன் சொல்வான்; நெவாடாவில் 1985 முதலே கருவி வைத்து எண்ணுவது கடும் குற்றம். 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் மாற்றினால் கேசினோ அரசுக்கு ஒரு படிவம் அனுப்பும். அதனால் ஒன்றும் ஆகாது. அதற்குப் பயந்து 6,000, 5,000 என்று பிரித்து மாற்றுவதுதான் ஃபெடரல் குற்றம். நம்ம ஆட்கள் பயந்து பயந்து செய்வது சரியாக அதையே. பிட் பாஸ் (மேசைகளைக் கண்காணிக்கும் மேலாளர்) வந்து 'உங்களுக்கு இனி பிளாக்ஜாக் இல்லை' என்றால் வாதாடாமல் சிப்ஸை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். வளாகத்துக்குள்ளேயே வரக்கூடாது என்று சொன்ன பிறகு திரும்பப் போனால் அத்துமீறல் வழக்கு. கைது என்று ஒன்று பதிவானால் விசா, கிரீன் கார்டு படிவம் ஒவ்வொன்றிலும் அதற்குப் பதில் எழுதணும்.

ஜெயித்த இரவை மட்டும் பொங்கல் விழாவில் சொல்லும் சீனியர்களை நம்பாதீர்கள். தோற்ற கணக்கை அவர்கள் மனைவியிடமே சொல்வதில்லை.

என்கோர் 2019-ல் வந்தது. அதற்கு முன்பு சைனாடவுனில் பஸ் ஏறி கனெக்டிகட் ஃபாக்ஸ்வுட்ஸ், மொஹீகன் சன் என்று போகணும். ஓட்டல் அடுப்படி வேலை முடித்த சீனர்கள், முதியவர்கள், கடைசி சீட்டில் நாலைந்து தேசி மாணவர்கள். போகும்போது பின்னால் ஒரே சத்தம், ஆளாளுக்குக் கணக்கு. திரும்பும் பஸ்ஸில் முன்சீட்டுத் தாத்தாவின் குறட்டை மட்டும் கேட்கும்.