கியர் போடும்போது கர்ர் என்கிறதா?

கேள்வி: என்னிடம் மொறிஸ் மைனர் 1000 கார் இருக்கிறது. முதல் கியரும் றிவேர்ஸும் கரகரவென்று அரைத்துக்கொண்டுதான் விழுகின்றன. கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டுமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். இந்த காரின் முதல் கியருக்கும் றிவேர்ஸுக்கும் சின்க்ரோமெஷ், அதாவது கியர் விழுமுன் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. ஓடும்போது முதல் கியர் போட்டால் அரைக்கத்தான் செய்யும்.

நிறுத்திவைத்து எஞ்சினை ஓடவிட்டு, கிளச்சை முழுதாக மிதித்து நான்கைந்து விநாடி பொறுத்து றிவேர்ஸ் போடுங்கள். அப்போதும் அரைத்தால், கிளச் முழுதாக விடவில்லை. எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் இலகுவாக விழுந்தால் சந்தேகமே வேண்டாம். இதற்குக் கிளச் ஒயில் கிடையாது, கம்பி இணைப்புத்தான். பெடலின் வெற்றசைவு (கிளச் வேலைசெய்யத் தொடங்குமுன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) காரின் கையேட்டிலுள்ள அளவில் இருக்கட்டும்; கூடினால் அடியிலுள்ள கம்பியின் நட்டை இறுக்குங்கள். ஒரேயடியாக இறுக்கி அசைவே இல்லாமல் செய்தால் கிளச்சை அழுத்தும் காபன் வளையம் தேய்ந்துவிடும். நட்டைத் திருகியும் சரிவராவிட்டால் இணைப்புத் தண்டின் புஷ்களையும் முள்ளாணித் துளைகளையும் பாருங்கள். துளை முட்டை வடிவமாகியிருக்கும்.

அடுத்தது கியர்பொக்ஸ் ஒயில். கடையில் தரும் தடித்த 90 கியர் ஒயில் இதற்கு வேண்டாம். எஞ்சின் ஒயிலே, 20டபிள்யூ50, ஏறத்தாழ 1.3 லீற்றர். சூடாக இருக்கும்போது பழையதை வடியுங்கள். வடிந்ததில் பித்தளை நிறத் துகள் மினுங்கினால் சின்க்ரோ வளையம் தேய்கிறது. இரண்டாம் கியர் மட்டும் அரைப்பதும் அதனால்தான். வளையம் மாற்றும்வரை, கியரை இறக்கும்போது நியூட்ரலில் கிளச்சை விட்டு, சற்று அக்சிலேட்டர் கொடுத்து, மீண்டும் மிதித்துப் போடுங்கள்.