கேம், லினக்ஸ், லேப்டாப்: கடலூர், பாண்டி நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

திருப்பாதிரிப்புலியூரில் லேப்டாப் பழுது பார்க்கிறேன். வேலை முடிந்த பிறகு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் இயங்குதளத்தில் கேம் ஓட்டிப் பார்ப்பது பல வருடப் பழக்கம். இந்த இரண்டுக்குள் வரும் கேள்விகளுக்கு முழுதாகப் பதில் சொல்கிறேன். மற்றதற்கு யாரிடம் போகலாம் என்று சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம், கல்லூரி மாணவர்: அண்ணா, விண்டோஸ் கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது? எமுலேட்டர் என்றால் வேகம் குறையுமே?

எமுலேட்டர், அதாவது வேறொரு கருவியைப் போல நடிக்கும் மென்பொருள், இல்லை தம்பி. இன்டெல், ஏஎம்டி பிராசசருக்கு விண்டோஸும் ஒன்றுதான், லினக்ஸும் ஒன்றுதான். கேமின் கட்டளைகளை அது நேரடியாகவே இயக்கும். சிக்கல் வேறு இடத்தில். இந்தக் கோப்பைத் திற, இந்தச் சத்தத்தைப் போடு, திரையில் இதை வரை என்று கேம் விண்டோஸிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். லினக்ஸில் அதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். 1993-இல் தொடங்கிய வைன் திட்டம் அந்த வேலையைச் செய்கிறது. 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வைனை எடுத்து, அதோடு டிஎக்ஸ்விகே-வைச் சேர்த்து, புரோட்டான் என்ற பெயரில் தன் கேம் கடையான ஸ்டீமுக்குள்ளேயே கொண்டுவந்தது. விண்டோஸில் படம் வரையும் முறையான டைரக்ட்3டி 9, 10, 11-இல் எழுதிய கேமை, லினக்ஸில் உள்ள வல்கன் என்ற வரையும் முறைக்கு டிஎக்ஸ்விகே மாற்றித் தருகிறது. 12-க்கு விகேடி3டி என்று தனியாக ஒன்று இருக்கிறது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவியில் விண்டோஸ் கேம்கள் இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன.

வேகம் கேமுக்குக் கேம் மாறும். சிலவற்றில் கொஞ்சம் குறையும், பலவற்றில் வித்தியாசமே தெரியாது. முதல் தடவை ஓட்டும்போது ஷேடர்கள் (கிராபிக்ஸ் கார்டுக்கான சிறு நிரல்கள்) தயாராகும் வரை திக்கித் திக்கி வரும். அதைப் பார்த்துப் பயந்து அழித்துவிடாதீர்கள். உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போட்டிருந்தால் அதன் ஸ்னாப் என்ற தொகுப்பு முறையில் வரும் ஸ்டீமைத் தவிர்த்து, ஸ்டீம் தளத்தில் கிடைக்கும் டெப் என்ற நிறுவல் கோப்பைப் போடுங்கள். எதையும் காசு கொடுத்து வாங்குவதற்கு முன், எந்தக் கேம் எப்படி ஓடுகிறது என்று ஆடுகிறவர்கள் எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் அந்தக் கேமின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

நெல்லிக்குப்பம்: டி டிரைவில் விண்டோஸ் ஸ்டீம் கேம்கள் 300 ஜிபி இருக்கின்றன. லினக்ஸ் ஸ்டீமிலும் அதே டிரைவைக் காட்டிவிடலாமா?

காட்டலாம், கேம் திறக்கவும் செய்யும். ஆனால் நான் அப்படி வைத்துக்கொள்ள மாட்டேன். அந்த டிரைவ் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்கும். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போலி விண்டோஸ் அடைவை அங்கே உருவாக்கும். அதற்குள் பெயரில் முக்காற்புள்ளி (:) வரும் இணைப்புக் கோப்புகள் இருக்கும். விண்டோஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளிக்கு அனுமதி இல்லை. அடுத்த தடவை விண்டோஸ் டிஸ்கைச் சரிபார்க்கும்போது அதைப் பழுதென்று எண்ணிக் கை வைக்கும். சேவ் கோப்பு போய்விட்டது என்று வருகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். லினக்ஸுக்கு எக்ஸ்ட்4 வடிவில் தனிப் பகுதி ஒதுக்கி, கேமை அங்கே நகலெடுத்து, ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 300 ஜிபியையும் மறுபடி இறக்க வேண்டியதில்லை.

லாஸ்பேட்டை: சார், 4050 கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் இரண்டு பார்த்தேன். ஒன்று மெல்லியது, விலை கூட. இன்னொன்று தடி, விலை கம்மி. கார்டு ஒன்றுதானே, மெல்லியதையே வாங்கலாமா?

பெயர்தான் ஒன்று. லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4050 கார்டை 35 வாட்டிலும் வைக்கலாம், 115 வாட்டிலும் வைக்கலாம். அதை முடிவு செய்வது லேப்டாப் கம்பெனி. மெல்லிய உடம்பில் சூடு போக வழியில்லாததால் வாட்டைக் குறைத்து வைப்பார்கள். குறைந்த வாட்டில் கிடக்கும் 4060, முழு வாட்டில் ஓடும் 4050-க்குப் பின்தங்குவதும் உண்டு. அட்டைப்பெட்டியில் இது பெரும்பாலும் இருக்காது. கம்பெனி தளத்தில் அந்த மாடல் எண்ணைப் போட்டு, டிஜிபி (கார்டுக்குக் கொடுத்திருக்கும் வாட்) எவ்வளவு என்று பாருங்கள். கடைக்காரர் "அதெல்லாம் ஒன்றுதான் சார்" என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

அடுத்தது ராம். 16 ஜிபி ஒரே துண்டாக இருப்பதைவிட 8 ஜிபி இரண்டாக இருப்பது கேமுக்கு நல்லது. தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் உள்ளிருக்கும் கிராபிக்ஸும் அதே ராமைத்தான் பயன்படுத்துகிறது. திரையின் நிற அளவு 45 சதவீத என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் நிறம் வெளுத்துத் தெரியும். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி கேளுங்கள்.

பண்ருட்டி: 50 ஆயிரத்துக்குள் நல்ல கேமிங் லேப்டாப் எது?

எந்தக் கேம்?

முத்தியால்பேட்டை: பாண்டியில் வாங்கினால் கடலூரைவிட வரி கம்மியாமே?

அது பழைய கதை. 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. லேப்டாப்புக்கு இரண்டு ஊரிலும் 18 சதவீதம்தான். விலை வித்தியாசம் தெரிந்தால் அது கடைக்காரரின் லாபக் கணக்கு. பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாண்டி, ஒயிட் டவுன் பக்கம், வடிவமைப்பாளர்: எம்3 மேக்புக் இருக்கிறது. கேமுக்காக இன்னொன்று வாங்க மனமில்லை. இதிலேயே ஓட்ட வழி உண்டா?

உண்டு, கணக்குப் பார்த்து எதிர்பார்த்தால். மேக்கில் 2020-இலிருந்து வருவது இன்டெல், ஏஎம்டி கட்டளைகள் புரியாத ஆர்ம் வகைச் சிப். அதனால் முதல் கேள்வியில் நான் சொன்ன "நேரடியாக இயக்கும்" என்பது இங்கே பொருந்தாது. ஆப்பிளின் ரொசெட்டா 2 அந்தக் கட்டளைகளை மாற்றிக் கொடுக்கும், அதன்மேல் கிராஸ்ஓவர் போன்ற வைன் வழி மென்பொருள் நிற்கும், ஆப்பிளின் கேம் போர்ட்டிங் டூல்கிட் டைரக்ட்3டி-யை மேக்கின் வரையும் முறையான மெட்டலுக்கு மாற்றும். இத்தனையும் தாண்டி ஓடுகிறது என்பதே பெரிய விஷயம். மேக்கில் விண்டோஸ் போட உதவிய பூட்கேம்ப் இந்தச் சிப்பில் கிடையாது. 2019-இல் கேடலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பு வந்தபோது பழைய 32 பிட் மேக் கேம்கள் எல்லாம் நின்றன. நேரடியாக மேக்குக்கே வந்தவை இருக்கின்றன அக்கா. பால்டர்ஸ் கேட் 3 இருக்கிறது, 2025 ஜூலையிலிருந்து சைபர்பங்க் 2077 இருக்கிறது. அவற்றை முதலில் ஆடுங்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மேக்கில் இல்லை, லினக்ஸில் இருக்கிறது.

நெய்வேலி: வலோரன்ட் லினக்ஸில் ஓடுமா?

ஓடாது. ஃபோர்ட்நைட்டும் ஓடாது.

முதலியார்பேட்டை, புரோகிராமர்: "ஓடாது" என்று ஒரு சொல்லில் முடிப்பது நியாயமா? ஆட்டத்தில் ஏமாற்றுவதைப் பிடிக்கும் மென்பொருள்களான பேட்டில்ஐ, ஈசி ஆன்டிசீட் இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன. கேம் கம்பெனிகள்தான் அனுமதிக்க மறுக்கின்றன. குற்றம் அவர்கள் பக்கம் என்று சொல்லுங்கள்.

வழி திறந்தது உண்மை. தாராளமாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வலோரன்டின் வேன்கார்ட் அந்த இரண்டில் ஒன்று இல்லை. அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே உட்காரும் டிரைவர். லினக்ஸில் கெர்னல் ஆடுகிறவர் கையில் இருக்கிறது. அவர் நினைத்தால் அதையே மாற்றித் தொகுத்துக்கொள்ளலாம். ஏமாற்றுகிறவனைப் பிடிக்க வந்த காவலர், ஏமாற்றுகிறவன் கட்டிய வீட்டில் நின்று வேலை பார்க்க முடியாது என்பது வலோரன்ட் கம்பெனியின் வாதம். அபெக்ஸ் லெஜண்ட்ஸ் நீங்கள் சொன்ன வழியில் லினக்ஸை அனுமதித்துப் பார்த்து, 2024 அக்டோபர் 31-இல் ஏமாற்று வேலையைக் காரணம் காட்டி மூடிவிட்டது.

விருத்தாசலம்: இதற்குத்தான் சொல்கிறேன், கேம் என்றால் விண்டோஸ். லினக்ஸ் எதற்கு வீண் வேலை?

வீண் வேலை இல்லை. தனியாக ஆடும் கேம்களில் பெரும்பாலானவை லினக்ஸில் இன்று சொடுக்கினால் ஓடுகின்றன. தடுக்கப்படுவது ஆன்லைன் போட்டி கேம்களில் ஒரு பகுதி.

முதலியார்பேட்டை, மறுபடியும்: ஒரு கேமுக்காக என் கெர்னலை ஏன் கொடுக்க வேண்டும்? கிரவுட்ஸ்ட்ரைக் நினைவிருக்கிறதா?

நன்றாக நினைவிருக்கிறது. 2024 ஜூலை 19. கெர்னலுக்குள் ஓடும் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நல்ல எண்ணத்தோடு எழுதிய நிரலே கெர்னலில் தவறினால் மொத்தக் கணினியும் போகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அந்தக் கவலையில் நான் உங்கள் பக்கம். வங்கிக் கணக்கும் வேலைக் கோப்புகளும் இருக்கும் கணினியில் நான் இந்த வகைக் கேமைப் போடுவதில்லை.

ஆனால் நெய்வேலித் தம்பி என்னிடம் நியாயம் கேட்கவில்லை, ஓடுமா என்று கேட்டார். ஸ்டீமின் மாதக் கணக்கெடுப்பில் லினக்ஸ் 3 சதவீதத்தைத் தாண்டியதே 2025 அக்டோபரில்தான். அது வளர்ந்தால் கம்பெனிகள் இறங்கி வரும், வர வேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். அந்த ஆசையை நம்பி ஒரு மாணவரை வீட்டுக்காசு போட்டு லேப்டாப் வாங்கச் சொல்ல மாட்டேன்.

நெய்வேலி: அப்போ வலோரன்ட் விண்டோஸில், மற்றது லினக்ஸில். இரண்டும் ஒரே லேப்டாப்பில் வைக்கலாமா அண்ணா?

வைக்கலாம். வரிசை தவறினால்தான் தொல்லை. விண்டோஸ் 11-இல் வலோரன்டுக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், கணினி தொடங்கும்போது கையொப்பம் உள்ள நிரலை மட்டும் விடும் செக்யூர் பூட்டும் தேவை. லினக்ஸ் போடும் பல வீடியோக்கள் முதல் வேலையாக செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்கின்றன. அணைத்தால் கேம் திறக்காது. உபுண்டு, மின்ட் இரண்டும் செக்யூர் பூட் இருக்கும்போதே ஏறும். என்விடியா டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுபடி இயக்கியதும் ஒரு நீலத்திரை வரும். அதில் என்ரோல் மோக் (Enroll MOK) என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். அந்தத் திரையைப் பிழை என்று நினைத்துத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து தாளில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பை மாற்றினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம், அப்போது தேடினால் கிடைக்காது.

சிதம்பரம்: 60 ஆயிரத்துக்குள் எந்த லேப்டாப் நல்லது?

பண்ருட்டிக்குச் சொன்னதுதான். கேமின் பெயர் இல்லாமல் பதில் இல்லை.

அரியாங்குப்பம்: பிஜிஎம்ஐ ஆட லேப்டாப்?

அது போனுக்காகச் செய்த கேம். எமுலேட்டரில் ஆடினால் கணக்கு முடங்கும் ஆபத்து உண்டு. போனிலேயே ஆடுங்கள்.

தேவனாம்பட்டினம்: லேப்டாப்பைத் தொட்டால் சுர்ரென்கிறது. லேப்டாப் பழுதா?

லேப்டாப்பை விட்டு முதலில் பிளக்கைப் பாருங்கள். மூன்று முள் சார்ஜரை இரண்டு முள் அடாப்டரில் மாட்டியிருப்பீர்கள், இல்லையென்றால் சுவரில் எர்த் வேலை செய்யவில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் சோதிக்கச் சொல்லுங்கள். கடலோர வீட்டுக்கு இன்னொன்றும் உண்டு. ஜன்னல் ஓரம் வைத்து ஆடாதீர்கள். விசிறி உப்புக் காற்றை உள்ளே இழுக்கும், உலோக முனைகளில் பச்சை பூக்கும். உங்கள் பகுதியிலிருந்து வரும் போர்டுகளில் அதை அடிக்கடி பார்க்கிறேன். புயல் நேரத்தில் இன்வர்ட்டரில் ஓட்டுவதென்றால் சைன் வேவ் இன்வர்ட்டராக இருக்கட்டும்.

விழுப்புரம்: 70 ஆயிரம். எது வாங்கலாம்?

தயவுசெய்து மேலே படியுங்கள். கேம் பெயர், பிறகு வாட், பிறகுதான் விலை.

பாகூர்: கிராக் செய்த கேம் லினக்ஸில் ஓட்ட வழி சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். அதோடு வரும் திருட்டு நிரல்களைத் துடைக்கவே என் நேரம் போகிறது.

குறிஞ்சிப்பாடி, ஆசிரியர்: ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி. விண்டோஸ் 11 ஏறவில்லை. மகன் வைஸ் சிட்டி, மைன்கிராஃப்ட் ஆடுகிறான். புதிதாக வாங்க வேண்டுமா?

வேண்டாம் சார். எல்லோரும் இப்படிக் கேட்டால் எனக்கு வேலை எளிது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையதை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. லினக்ஸ் மின்ட் போடுங்கள். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு லினக்ஸில் நேரடியாகவே ஓடும், ஆனால் பெட்ராக் பதிப்பு லினக்ஸுக்கு வரவில்லை. மகன் எதை ஆடுகிறான் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வைஸ் சிட்டி வைனில் ஓடும். ஆறாம் தலைமுறை கிராபிக்ஸில் டிஎக்ஸ்விகே-வுக்குத் தேவையான வல்கன் இருக்கிறது. உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டுங்கள். விசிறியைச் சுத்தம் செய்து, பிராசசர் மேல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.